மூன்று மாநிலம், மூன்று லோக் ஆயுக்தா

லோக் ஆயுக்தா என்பது பதவியில் இருப்பவர்கள் மீதான ஊழல் புகார்களை விசாரிக்கும் மாநில அமைப்பு. அதன் தலைவருக்கும் அதே பெயர்தான். அங்கே அமைச்சர் மீது ஊழல் புகார் கொடுக்கலாம், முதலமைச்சர் மீதும் கொடுக்கலாம். கர்நாடகா, கேரளா, தமிழ்நாடு மூன்றின் லோக் ஆயுக்தா சட்டங்களும் இந்த மட்டில் ஒன்றுதான். புகாரை வாங்கிய பிறகு என்ன ஆகும் என்பதில்தான் பிரிகின்றன. இந்தச் சட்டங்களைப் படிக்கும்போது நான் தண்டனைப் பிரிவுகளுக்கு முதலில் போவதில்லை. விசாரிக்கிற போலீஸ் யார் கையில் இருக்கிறது, அறிக்கை கடைசியில் யார் மேசைக்குப் போகிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

போலீஸ் விஷயத்தில் கர்நாடகாதான் முன்னால் நிற்கிறது. ராமகிருஷ்ண ஹெக்டே ஆட்சியில் 1984-ல் வந்த சட்டம். லோக் ஆயுக்தாவுக்குக் கீழேயே தனிப் போலீஸ் பிரிவு உண்டு. ஊழல் தடுப்புச் சட்டப்படி வழக்குப் போடலாம், சோதனைக்குப் போகலாம், லஞ்சம் வாங்குபவரைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம். 2011 ஜூலையில், அப்போது லோக் ஆயுக்தாவாக இருந்த சந்தோஷ் ஹெக்டே சட்டவிரோதச் சுரங்கங்கள் பற்றிய அறிக்கையைக் கொடுத்தார். அந்த மாதம் முடிவதற்குள் எடியூரப்பா முதலமைச்சர் பதவியை விட்டு விலக வேண்டியிருந்தது. (சுரங்க நிறுவனத்திடம் பணம் வாங்கியதாக சிபிஐ தொடுத்த வழக்கில் 2016-ல் அவர் விடுதலையானார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

ஆனால் அதிகாரம் இருக்கிற இடத்தில் கரையானும் வரும். 2015-ல் லோக் ஆயுக்தா அலுவலகத்தின் பெயரைச் சொல்லியே அதிகாரிகளை மிரட்டிப் பணம் கேட்டதாக வழக்கு வந்தது. லோக் ஆயுக்தாவாக இருந்த பாஸ்கர் ராவின் மகனே கைதானார். ஆண்டுக் கடைசியில் ராவும் விலகினார். அடுத்த மார்ச்சில் சித்தராமையா அரசு, ஊழல் தடுப்புப் படை என்று ஒன்றைத் தன் கட்டுப்பாட்டில் அமைத்து, போலீஸ் அதிகாரத்தை அங்கே மாற்றிக்கொண்டது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்தப் படையைக் கலைத்து, அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஏழே மாதத்தில், ஆளுங்கட்சியாக இருந்த பாஜகவின் எம்.எல்.ஏ. விருபாக்ஷப்பாவின் மகன் 40 லட்சம் வாங்கும்போது பிடிபட்டார். தொடர்ந்த சோதனைகளில் கிடைத்த ரொக்கம் 8 கோடிக்கு மேல்.

2024 செப்டம்பரில் மைசூரு மனை ஒதுக்கீடு விவகாரத்தில் நீதிமன்ற உத்தரவுப்படி லோக் ஆயுக்தா போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டது. முதல் பெயர், மீண்டும் முதலமைச்சராகியிருந்த சித்தராமையா. சில மாதங்கள் கழித்து, ஆதாரம் இல்லை என்று அதே போலீஸ் சொன்னது. அது சரியா தவறா என்பது வேறு பேச்சு. ஆனால் அந்தப் போலீஸ்காரர்கள் அரசுத் துறையிலிருந்து வந்து அரசுத் துறைக்கே திரும்புகிறவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

கேரளா வேறு வழியில் போனது. நாயனார் ஆட்சியில் 1999-ல் வந்த அந்தச் சட்டத்தின் உயிர் 14-வது பிரிவு. ஒருவர் பதவியில் நீடிக்கக் கூடாது என்று லோக் ஆயுக்தா அறிவித்துவிட்டால் அரசு ஏற்றே ஆக வேண்டியிருந்தது. 2021 ஏப்ரலில் உறவினர் நியமன விவகாரத்தில் அமைச்சர் கே.டி. ஜலீலுக்கு எதிராக அப்படித்தான் வந்தது. சில நாட்களில் அவர் ராஜினாமா செய்தார். அப்புறம் என்ன? மறு ஆண்டே பினராயி அரசு அந்தப் பிரிவைத் திருத்தியது. இனி அமைச்சர் மீதான அறிக்கையை ஏற்பதா தள்ளுவதா என்பதை முதலமைச்சர் முடிவு செய்வார். முதலமைச்சர் மீதானதைச் சட்டமன்றம் முடிவு செய்யும், அதாவது அவருடைய பெரும்பான்மை. 2024-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. என்னைக் கேட்டால், கர்நாடகாவின் போலீசும் கேரளாவின் பழைய 14-வது பிரிவும் ஒரே சட்டத்தில் இருந்திருக்க வேண்டும். அப்படி ஒரு சட்டத்தை இந்த மூன்று மாநிலங்களிலும் எந்த ஆட்சியும் கொண்டுவரவில்லை.

தமிழ்நாட்டைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. 2013-ன் மத்தியச் சட்டம் மாநிலங்களுக்கு ஓராண்டு கெடு கொடுத்திருந்தது. இங்கே உச்ச நீதிமன்றம் நெருக்கிய பிறகு 2018 ஜூலையில்தான் மசோதா நிறைவேறியது. பல் இல்லாத சட்டம் என்று திமுக வெளிநடப்பு செய்தது. கர்நாடகா போல வழக்குப் போட்டுக் கைது செய்யும் சொந்தப் போலீஸ் இல்லை. லஞ்ச ஒழிப்புத் துறை அரசின் கீழேயே இருக்கிறது. லோக் ஆயுக்தாவைத் தேர்வு செய்யும் முறையிலும் வித்தியாசம் உண்டு. கர்நாடகாவில் முதலமைச்சர், உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியையும் இரு அவைகளின் எதிர்க்கட்சித் தலைவர்களையும் கலந்து பேச வேண்டும். இங்கே குழுவில் மூன்றே பேர்: முதலமைச்சர், சபாநாயகர், எதிர்க்கட்சித் தலைவர். நீதிபதி இல்லை, கைதூக்கினால் எப்போதும் இரண்டுக்கு ஒன்று. அன்று எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஸ்டாலின் அந்தக் கூட்டத்தையே புறக்கணித்தார்.