2 லட்சம் கி.மீ. ஓடிய டீசல் ஸ்விஃப்ட்: வைத்துக்கொள்வதா, புது வண்டி எடுப்பதா?

2012, 2013 வாக்கில் எடுத்த டீசல் ஸ்விஃப்டும் டிசையரும் இப்போது பெரும்பாலும் 2 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜினில் ஒரு சலசலப்பு, கிளட்ச் இறுக்கம், ஸ்பீட் பிரேக்கரில் முன்பக்கம் 'டக் டக்'. மெக்கானிக் ஒரு லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட் எழுதிக் கொடுத்ததும் வீட்டில் புது வண்டிப் பேச்சு தொடங்கிவிடும். என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அடிப்பாகம் துருப்பிடிக்காமல் இருந்தால் வண்டியை வைத்துக்கொள்ளுங்கள். துரு உள்ளே இறங்கியிருந்தால் இன்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் விற்றுவிடுங்கள். ஓடிய தூரம் இதில் இரண்டாம்பட்சம். முக்கிய விதிவிலக்கு ஏர்பேக். அதைப் பின்னால் பார்ப்போம்.

இந்த வண்டியில் இருப்பது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் இன்ஜின். 1248 சிசி, 75 பிஎஸ், 190 என்எம். மாருதி இதை டிடிஐஎஸ் என்றது, டாடா குவாட்ராஜெட் என்றது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, மான்சா, புன்டோ, லீனியா என்று அத்தனை வண்டிகளில் இது இறங்கியதால் பாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. சென்னை ஜி.பி. ரோட்டில் புதிதாகக் கிடைக்கும், புதுப்பேட்டையில் கழற்றியது கிடைக்கும். பிரித்துப் பழகிய மெக்கானிக்கும் ஊருக்கு ஊர் இருக்கிறார். இதை விற்றுவிட்டு இதே மாதிரி புதிதாக ஒன்று வாங்கவும் முடியாது. 2020 ஏப்ரலில் புகை மாசைக் குறைக்கும் பிஎஸ்6 விதி வந்தபோது மாருதி டீசல் காரையே நிறுத்திவிட்டது.

புது வண்டியில் சத்தம் குறைவு, ஏசி சட்டென்று குளிரும், வாரன்டி இருக்கும். இதையெல்லாம் யாரும் மறுக்கப்போவதில்லை. பணக் கணக்கும் பலருக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும். ஆன்ரோடு 9 லட்சம் ஆகும் வண்டிக்கு 2 லட்சம் கையிலிருந்து போட்டு, 7 லட்சம் கடனை 9 சதவீத வட்டியில் 5 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 14,530 ரூபாய். வட்டி மட்டும் 1.72 லட்சம். பழைய வண்டியில் செய்ய வேண்டிய பெரிய வேலை முழுவதையும் அந்த வட்டிக்குள்ளேயே முடித்துவிடலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் தேய்மான அட்டவணைப்படி ஐந்து வருடத்தில் வண்டியின் மதிப்பு பாதியாகிறது. பழைய ஸ்விஃப்டின் விலை இதற்குமேல் அந்த அளவுக்கு இறங்காது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களின் ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது நல்ல நிவாரணம்தான். ஆனால் தமிழ்நாட்டில் 10 லட்சத்தைத் தாண்டும் வண்டிக்கு ஆயுள்கால வரி 13 சதவீதத்திலிருந்து 18-க்கு ஏறும். டாப் மாடலுக்கு ஆசைப்படும்போது அந்தக் கோட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலோரைப் பயமுறுத்துவது இன்ஜின்தான். உண்மையில் இந்த இன்ஜினுக்கு என்ன ஆகும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம்.

முதல் கவலை டைமிங் செயின், அதாவது வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் சங்கிலி. இதில் பெல்ட் கிடையாது, செயின். ஆயிலைத் தாமதமாக மாற்றிய வண்டிகளில் செயின் நீளும், அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் தளரும். டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வதால், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் அழுத்தம் ஏறும்வரை இரண்டு மூன்று விநாடி சங்கிலிச் சத்தம் கேட்கும். அதுதான் எச்சரிக்கை. சூடான பிறகும் சத்தம் தொடர்ந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். செயின் பல் தாண்டினால் ராக்கர் ஆர்ம்கள் உடையும், ஹெட்டைத் திறக்க வேண்டிவரும். மாற்றும்போது செயின், டென்ஷனர், கைடுகள், ஸ்ப்ராக்கெட் எல்லாவற்றையும் செட்டாக மாற்றச் சொல்லுங்கள். இன்ஜினைச் சரியான நிலையில் பூட்டிவைக்கும் டைமிங் லாக் டூல் இல்லாமல் பெயின்ட் மார்க் வைத்து மாற்றுகிற பட்டறையில் விடாதீர்கள். இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்பைக் கழற்றும்போதே உள்ளே இருக்கும் ஆயில் ஸ்டிரெய்னரையும் கழுவிவிட வேண்டும். அது பாதி அடைத்திருந்தால் புது செயினும் சீக்கிரம் போகும், டர்போவும் போகும். அதன்பின் ஆயிலை 10,000 வரை இழுக்காமல் 7,500 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுங்கள். பிடிப்பது மூன்று லிட்டர் சுமார்தான். கஞ்சப்பட அதில் ஒன்றும் இல்லை.

டர்போவுக்கு: இன்டர்கூலர் குழாயைக் கழற்றினால் உள்ளே லேசாக எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருப்பது சகஜம். தேங்கி வழிந்தால் டர்போவைப் பார்க்க வேண்டும். இன்ஜெக்டருக்கு: ஒவ்வொன்றிலும் எவ்வளவு டீசல் திரும்பி வருகிறது என்று அளக்கும் ரிட்டர்ன் லீக் டெஸ்ட் எடுக்காமல் நான்கையும் மாற்றச் சொல்பவரை நம்பாதீர்கள், பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் கெட்டிருக்கும். இன்ஜெக்டர் அடியில் தார் மாதிரி கறுப்பாகக் கட்டியிருந்து 'சஃப் சஃப்' என்று சத்தம் வந்தால் அது செப்பு வாஷர் கசிவு, சில நூறு ரூபாய்ப் பாகம். அதை விட்டுவைத்தால் இன்ஜெக்டர் உட்காரும் இடத்தையே அரித்து, இன்ஜெக்டரைப் பிடுங்கி எடுப்பதே பெரும்பாடாகிவிடும். பிக்கப் குறைந்து கறும்புகை வந்தால் முதலில், புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வைக் கழற்றிக் கரியைச் சுத்தம் செய்யுங்கள்.

இன்ஜினைக் கொல்வது பெரும்பாலும் கிலோமீட்டர் இல்லை, தண்ணீர். கூலன்ட் குறையும்போது போர்வெல் தண்ணீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டருக்குள் உப்புப் படிந்துவிடும். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் கசிவு தொடங்கும், ஒரு நாள் டெம்பரேச்சர் முள் ஏறும், ஹெட் கேஸ்கெட் போகும். ஆகவே பெரிய வேலை செய்யும்போது ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், மேல் கீழ் ஹோஸ், வாட்டர் பம்ப் நான்கையும் சேர்த்தே முடித்துவிடுங்கள். வாலை வடிநீரில் கலந்த கூலன்ட்டை மட்டும் ஊற்றுங்கள். 1,000 கி.மீ.க்கு அரை லிட்டருக்கு மேல் ஆயில் குடித்து, ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று அடிக்கும் வண்டிக்கு மட்டும் இதெல்லாம் பொருந்தாது. அதற்கு இன்ஜினைப் பிரித்து சிலிண்டர் போர் வேலை செய்ய வேண்டும், கணக்கு வேறு.

கிளட்ச் செட், முன் ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, இன்ஜின் மவுண்டிங், நான்கு டயர். இவையெல்லாம் எந்த வண்டியிலும் தேய்பவைதான். செயினோடும் கூலிங் வேலையோடும் சேர்த்து ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சத்துக்குள் அடங்கும். ஊரையும், ஒரிஜினல் பார்ட்ஸா வெளிப் பார்ட்ஸா என்பதையும் பொறுத்து மாறும்.

இப்போது துருவுக்கு வருவோம். முடிவு இங்கேதான் இருக்கிறது.

இன்ஜினைக் கழற்றி மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். ஸ்விஃப்டுக்குத் தனி சேஸிஸ் கிடையாது. பொலிரோ, சுமோ மாதிரி கீழே ஒரு இரும்புச் சட்டம், மேலே பாடி என்ற அமைப்பு இல்லை, பாடியே சேஸிஸ். கதவுகளுக்கு அடியில் ஓடும் ரன்னிங் போர்டு, தரைத் தகடு, முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனையைப் பிடிக்கும் ஸ்ட்ரட் மேடை, லோயர் ஆர்ம் பிடிக்கும் இடம் எல்லாம் சேர்ந்துதான் வண்டியின் எடையைத் தாங்குகின்றன. அந்தத் தகடு பொத்துப்போனால் வீல் அலைன்மென்ட் நிற்காது, மோதலில் கேபின் மடங்கும். ஈசிஆர் ஓரம், நாகப்பட்டினம், தூத்துக்குடி, ராமேசுவரம் பக்கம் ஓடிய வண்டிகளுக்கு உப்புக் காற்றால் இது சீக்கிரம் வரும். சேலத்திலும் கோவையிலும் ஓடிய அதே வருட வண்டி அடியில் புதுசு போல இருக்கும். 2015, 2023 டிசம்பர்களில் சென்னை வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். அதில் தகட்டோடு வயரிங் கனெக்டர்களும் உள்ளுக்குள் பச்சை பூத்திருக்கும்.

எஸ்டிமேட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வண்டியை லிஃப்டில் ஏற்றுங்கள். அடியை நன்றாகக் கழுவி, காய்ந்த பிறகு ஒரு டார்ச்சும் ஒரு பெரிய ஸ்குரூடிரைவரும் போதும். கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும், அரித்த தகடு பொத்தென்று கேட்கும். பொத்தென்ற இடத்தில் முனையை வைத்து அழுத்துங்கள். உள்ளே போனால் விடை கிடைத்துவிட்டது. பார்க்க வேண்டிய இடங்கள்: ஜாக்கி வைக்கும் மடிப்பு, ரன்னிங் போர்டின் உள்பக்கம், லோயர் ஆர்மின் பின் போல்ட் இறங்கும் இடம், பின் ஆக்சில் பிராக்கெட், ரேடியேட்டருக்குக் கீழே இருக்கும் குறுக்குத் தகடு, பின்சக்கரத்துக்கு ஓடும் பிரேக் பைப். இந்தப் பைப்பில் துரு செதிலாக உரிந்தால் வண்டியை விற்பதானாலும் அதை மாற்றிவிட்டுத்தான் விற்க வேண்டும். மிதிக்கும்போது வெடித்தால் பிரேக் பாதிதான் இருக்கும்.

பிறகு உள்ளே. முன் கார்பெட்டைத் தூக்கி அடியில் கை வையுங்கள். ஈரமாக இருந்தால் ஏசி வடிகுழாய் அடைத்துத் தண்ணீர் காலடியில் இறங்குகிறது என்று அர்த்தம். மேலே ஒன்றும் தெரியாமல் கார்பெட்டுக்கு அடியில் தரைத் தகடு அரித்துக்கொண்டிருக்கும். டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள். பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட் மேடையின் ஓரத்தில் சீலன்ட் வீங்கியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். டிங்கரிங் வேலை நடந்ததாகச் சந்தேகம் இருந்தால் மெல்லிய துணி சுற்றிய காந்தம் போதும்; பட்டி தடிமனாகப் பூசிய இடத்தில் ஒட்டாது.

மேல்துரு மட்டும் என்றால் கவலை இல்லை. வயர் பிரஷ்ஷால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, ரஸ்ட் கன்வெர்ட்டர், எபாக்ஸி பிரைமர், பெயின்ட், அதன்மேல் அண்டர்பாடி கோட்டிங். ரன்னிங் போர்டின் உள்குழிக்குள் குழாய் விட்டு கேவிட்டி வாக்ஸ் அடிக்க வேண்டும். கதவு அடியிலும் ரன்னிங் போர்டிலும் இருக்கும் வடிகால் ஓட்டைகளைக் கோட்டிங் மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சேறும் துருவும் இருக்கும்போதே கறுப்பாகத் தெளித்துத் தரும் கடைகள் ஏராளம். அப்படி அடித்தால் ஈரம் உள்ளே அடைபட்டு, ஒன்றும் செய்யாத வண்டியைவிட வேகமாக அரிக்கும். ஒரு கையகலம் பொத்திருந்தால் நல்ல தகடு வரை வெட்டியெடுத்து, சிஓ2 வெல்டிங்கில் புதுத் தகடு வைத்துச் சரிசெய்யலாம். பழைய தகட்டின் மேலேயே பேட்ச் வைத்துப் பித்தளை ஒட்டுப் போடுவது வேலையாகாது. இரண்டுக்கு மேற்பட்ட சுமைதாங்கும் இடங்களில் பொத்திருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த வண்டிக்குப் புது செயின் போடுவது வீண்.

ஏர்பேக் விஷயத்தில் புது வண்டிதான் மேல். 2014-ல், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் குளோபல் என்கேப் அமைப்பு சோதித்த ஏர்பேக் இல்லாத இந்திய ஸ்விஃப்ட் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்யம் நட்சத்திரம் வாங்கியது. 2024-ல் வந்த டிசையர் ஐந்து வாங்கியது. ஏர்பேக் இல்லாத எல்டிஐ, விடிஐ வேரியன்ட் வைத்துக்கொண்டு வாரா வாரம் குடும்பத்தோடு நான்குவழிச் சாலையில் ஓடுகிறவர்கள், அடித்தகடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், மாறுவதையே நான் சொல்வேன். ஏர்பேக்கைப் பின்னால் வாங்கிப் பொருத்த வழியில்லை. ஊருக்குள் நாற்பதைத் தாண்டாமல் ஓடுகிற வண்டி என்றால் இந்த வாதத்தின் எடை குறைவு.

மாறுவதென்றால் எதற்கு? தினம் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர் பழக்கத்தில் மறுபடி டீசலுக்குப் போகாதீர்கள். பிஎஸ்6 டீசலில் இருக்கும் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி, சேர்ந்த கரியை எரித்து வெளியேற்ற, புகை சூடாகும்படி வண்டி தொடர்ந்து ஓட வேண்டும். பாதியில் பாதியில் நிறுத்தினால் கரி அடைக்கும், எரியாத டீசல் ஆயிலில் கலந்து டிப்ஸ்டிக்கில் அளவு ஏறும். அவர்களுக்குச் சாதாரண பெட்ரோல் போதும். மின்காரைப் பற்றிப் பாதிதான் சொல்ல முடியும்: நெக்ஸான் இவி வந்ததே 2020 ஜனவரியில்தான். 2 லட்சம் கி.மீ. ஓடிய மின்கார்கள் இங்கே சொற்பம். பேட்டரிக்குப் பெரும்பாலும் 8 வருட வாரன்டி இருக்கிறது; அதற்குப் பிறகான ரீசேலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

வைத்துக்கொள்பவர்கள் ஆர்சி (பதிவுச் சான்று) முடியும் தேதியைக் குறித்துவையுங்கள். 15 வருடம் முடிவதற்கு முந்தைய 60 நாளுக்குள் படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரலிலிருந்து இதற்கான கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி தனி. டெல்லியில் கொண்டுவந்தது மாதிரி 10 வருட டீசல் தடை தமிழ்நாட்டில் இல்லை.

விற்பவர்கள் செயினையோ கிளட்ச்சையோ மாற்றிவிட்டு விற்க வேண்டாம்; போட்ட பணம் விலையில் திரும்பாது. குறையை வாங்குபவரிடம் சொல்லி விலையைக் குறைத்துக்கொள்வதே நல்லது. ஆர்சியில் இரண்டு வருடமாவது மிச்சம் இருக்கும்போது கொடுங்கள். பழைய கடன் முடிந்தும் ஹைப்போதிகேஷன் (கடன் கொடுத்தவரின் அடமானப் பதிவு) ஆர்சியில் நின்றிருந்தால் படிவம் 35 கொடுத்து முதலில் அதை நீக்குங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டபின் பெயர் மாறிவிட்டதா என்று ஆன்லைனில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். அதுவரை அந்த வண்டி செய்யும் விபத்துக்கும் வழக்குக்கும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.