எல்லாக் காலக் கால்பந்து நட்சத்திரங்களை வைத்து ஒரு அணி: 4-2-4 ஆ, 3-5-2 ஆ, 4-3-3 ஆ?

பெலே, மாரடோனா, மெஸ்ஸி, கரிஞ்சா நால்வரையும் முதலில் எழுதிவிட்டு, பின்னால் ஜிடானை வைத்து, மிச்ச இடங்களை ஞாபகத்துக்கு வரும் பெயர்களால் நிரப்புவதுதான் வழக்கம். தாளில் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் எதிரே நிற்பதும் அதே தரத்து அணிதான். அங்கேயும் ஒரு ரொனால்டோ இருப்பார், ஒரு ஜார்ஜ் பெஸ்ட் இருப்பார். பந்து அவர்கள் காலுக்குப் போகும் நொடியில் நம் பதினொருவரில் எத்தனை பேர் பந்துக்குப் பின்னால் நிற்கிறார்கள்? மூன்று அமைப்புகளையும் (எண்கள் முறையே பின்வரிசை, நடுக்களம், முன்வரிசை ஆட்களின் எண்ணிக்கை) இந்தக் கேள்வியில்தான் உரசிப் பார்க்கிறேன். என் தேர்வு 4-3-3. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும்: எந்தக் காலத்து விதியில் ஆடுகிறோம்? இங்கே இன்றைய விதி. 1992க்குப் பிறகு சக வீரர் காலால் திருப்பிக் கொடுக்கும் பந்தை கோல்கீப்பர் கையால் எடுக்க முடியாது. பழைய காலத்து டிஃபென்டருக்கு நெருக்கடி வந்தால் கோல்கீப்பரிடம் தட்டிவிட்டு மூச்சு வாங்கலாம்; அந்த வசதி இப்போது இல்லை. பின்வரிசையில் காலில் பந்து நிற்காதவர் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் இந்த ஆட்டத்தில் மதிப்புக் குறைவுதான்.

4-2-4ஐச் சீக்கிரம் முடித்துவிடலாம். அதற்குச் சாட்சியாக எல்லோரும் காட்டுவது 1958 உலகக் கோப்பை பிரேசில். முன்னே கரிஞ்சா, வவா, பெலே, ஜகாலோ. நடுவே ஜிட்டோ, டிடி. ஆனால் அந்த அணி 6 ஆட்டங்களில் 4 கோல் மட்டுமே விட்டுக்கொடுத்ததற்குக் காரணம், இடப்பக்க விங்கர் (கோட்டோரம் ஆடும் முன்வரிசை வீரர்) ஜகாலோ பந்து போனதும் நடுக்களத்துக்கு ஓடிவந்ததுதான். அதாவது 4-2-4இன் சிறந்த அணியே பந்தில்லாதபோது 4-3-3தான். கனவு அணி எழுதுகிறவர்கள் ஜகாலோவின் இடத்தில் இன்னொரு பெரிய நட்சத்திரத்தைப் போடுகிறார்கள். ஓடிவந்த கால்கள் போய்விடுகின்றன, அமைப்பின் பெயர் மட்டும் மிஞ்சுகிறது.

நடுக்களத்தில் கலைஞர்கள் நிறைந்து காவலுக்கு ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1982 பிரேசில் போதும். ஜிகோ, சாக்ரடீஸ், ஃபால்காவ், செரேசோ. இத்தாலிக்கு எதிராக டிரா செய்தாலே போதும் என்ற ஆட்டம். 1-1 என்று இருக்கும்போது செரேசோ தன் பாதியிலேயே பந்தைக் குறுக்காகத் தள்ளினார். யாருக்கும் போய்ச் சேராத அந்தப் பந்தை பாவ்லோ ரோஸி ஓடிவந்து எடுத்து நேராகப் போய் அடித்தார். முடிவு 3-2, பிரேசில் வெளியே. தப்பான பாஸ் யாருக்கும் வரும். அந்த நொடியில் ரோஸிக்குக் குறுக்கே வர ஒருவர்கூட இல்லை என்பதுதான் விஷயம்.

3-5-2 அப்படி ஒதுக்கக்கூடியது இல்லை. மாரடோனாவை வைத்து அணி கட்டுவதாக இருந்தால் நானே இதைத்தான் எடுப்பேன். 1986இல் அர்ஜென்டினாவுக்குப் பயிற்சியாளர் பிலார்டோ கொடுத்த அமைப்பு இது. பின்னால் மூவர், நடுவே உழைப்பாளிகள், அவர்களுக்கு முன்னால் மாரடோனா எங்கே வேண்டுமானாலும் திரியலாம். அணியின் 14 கோல்களில் 5 அவர் அடித்தவை, 5 அவர் கொடுத்தவை. 7 ஆட்டங்களில் எதிரணிகள் அடித்தது 5 மட்டுமே. பிறகு 2002 பிரேசில். காஃபுவும் ராபர்ட்டோ கார்லோஸும் ஒரே நேரத்தில் மேலே போக முடிந்ததற்குக் காரணம் பின்னால் லூசியோ, எட்மில்சன், ரோக்கே ஜூனியர் என மூவரும், அவர்களுக்கு முன்னால் ஜில்பெர்ட்டோ சில்வாவும் நின்றதுதான். அந்த அணி விட்டுக்கொடுத்தது 7 ஆட்டங்களில் 4 கோல்.

பெக்கன்பாவருக்கும் இதைவிடப் பொருத்தமான வீடு கிடையாது. லிபரோ என்ற வேலைக்குப் புது வடிவம் கொடுத்ததே அவர்தான் என்று சொல்லலாம்: பின்னால் தனியாளாக நின்று, வழி திறந்தால் பந்தோடு நடுக்களத்துக்கு நடந்து போவது. ஆனால் அவர் அப்படிப் போனபோது பின்னால் ஷ்வார்சன்பெக் போன்ற ஒருவர் ஆளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெக்கன்பாவரை எடுப்பவர்கள் அந்த இரண்டாவது ஆளையும் எடுக்க வேண்டும், பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் ஏன் 3-5-2 வேண்டாம்? எதிரணி இரண்டு விங்கர்களோடு வந்தால் கோட்டோரம் மேலும் கீழும் ஓடும் விங்பேக்குகள் இருவரும் பின்னே தள்ளப்படுவார்கள், ஐந்து பேர் வரிசையாகிவிடும். அதன்பின் பந்தைப் பிடித்தாலும் மேலே கொண்டுபோக ஆள் குறைவு. எல்லாக் கால அணிகள் என்றால் எதிரே கரிஞ்சாவோ பெஸ்ட்டோ கிறிஸ்டியானோ ரொனால்டோவோ பக்கவாட்டில் நிற்காமல் இருக்கப்போவதில்லை. நம் பக்கத்திலோ விங்கர் என்ற இடமே இல்லை. மெஸ்ஸியை இரண்டு ஸ்ட்ரைக்கர்களில் ஒருவராக நிறுத்தலாம்தான். வலக்கோட்டிலிருந்து இடக்காலில் உள்ளே வெட்டி வரும் அந்தத் தொடக்கப்புள்ளி போய்விடும்.

இனி 4-3-3. இதன் உயிர் நடுக்களத்தில் ஆக ஆழமாக நிற்கும் ஒரே ஆளிடம் இருக்கிறது. அந்த இடத்தின் விலை என்ன என்று ரியல் மாட்ரிட் காட்டியது. 2003இல் லீகை வென்ற கையோடு மக்கலேலேயை செல்சிக்கு விட்டுவிட்டு பெக்காமைக் கொண்டுவந்தார்கள். ஜிடான், ஃபிகோ, ராவுல், ரொனால்டோ, பெக்காம் எல்லோரும் ஒரே அணியில். அடுத்த சீசனில் லீகில் 4ஆம் இடம். மக்கலேலே போய்ச் சேர்ந்த செல்சி 2004-05 சீசனில் 38 லீக் ஆட்டங்களில் விட்டுக்கொடுத்தது 15 கோல். அந்த 15க்குப் பயிற்சியாளர் மொரீனியோவும் கோல்கீப்பர் செக்கும் டிஃபென்டர் டெர்ரியும்கூடக் காரணம், மறுக்கவில்லை. மாட்ரிட்டில் விழுந்த ஓட்டைக்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

அந்த இடத்துக்கு என் தேர்வு மக்கலேலே அல்ல, ஃபிராங்க் ரைக்கார்ட். மக்கலேலே பந்தைப் பறித்து அருகில் இருப்பவரிடம் கொடுப்பதில் ஒப்பில்லாதவர், ஆனால் உயரமில்லை. கார்னரில் ஓர் ஆள் குறையும். இதே இடத்துக்கு யோசிக்கக்கூடிய இன்னொருவர் பஸ்கெட்ஸ், அவர் பாஸ் மூவரிலும் சிறந்தது. திறந்த வெளியில் வேகமானவரைத் துரத்த வேண்டி வந்தால் தடுமாறுவார். ரைக்கார்டுக்கு உயரம் உண்டு, பாஸ் உண்டு, அதோடு அவர் பின்வரிசையின் நடுவில் நிற்கும் முழுமையான சென்டர்பேக்கும்கூட. 1988 ஐரோப்பியக் கோப்பையை நெதர்லாந்து வென்றபோது பின்வரிசையில் கூமனோடு ஆடியவர் அவர்தான். 1990 ஐரோப்பியக் கிளப் கோப்பை இறுதியில் பென்ஃபிகாவுக்கு எதிராக மிலானின் ஒரே கோலை அடித்ததும் அவர்தான். சென்டர்பேக் ஒருவர் முன்னேறி வந்தால் இவர் பின்னால் இறங்கி நிற்பார், சொல்லித் தர வேண்டியதில்லை.

அவருக்குப் பின்னால் பரேசி, பக்கத்தில் நெஸ்டா, இடப்புறம் மால்டீனி. பெயருக்காக மட்டும் எடுத்தவர்கள் இல்லை. ரைக்கார்ட், பரேசி, மால்டீனி மூவரும் 1988 முதல் 1993 வரை மிலானில் ஒன்றாக ஆடியவர்கள். எப்போது வரிசையை முன்னே நகர்த்துவது, எப்போது நிற்பது என்பது அவர்களுக்குள் ஊறிப்போன விஷயம். பரேசி உயரம் குறைவு, அதற்குத்தான் நெஸ்டா. பரேசியும் பெக்கன்பாவரும் ஜோடி என்று எழுதினால் கண்ணுக்கு அழகு, ஆனால் இருவருமே பின்னால் நின்று படித்து ஆடுகிறவர்கள். உயரமான ஸ்ட்ரைக்கரோடு முட்டி மோத யாரும் இருக்க மாட்டார்கள். பெக்கன்பாவர் வெளியே உட்காருவது இந்த அணியின் மிகப் பெரிய இழப்பு, மனதார ஒப்புக்கொள்கிறேன்.

வலப்புறம் காஃபு. முன்னால் மெஸ்ஸி உள்ளே வெட்டுவார் என்றால் வெளிக்கோட்டில் ஓட ஓர் ஆள் கட்டாயம். லாம் தவறு குறைந்தவர், துராம் தடுப்பில் இன்னும் பலமானவர்; இருந்தாலும் 90 நிமிடமும் அந்தக் கோட்டில் மேலும் கீழும் ஓடக் காஃபுதான். காஃபு போனால் மால்டீனி போகக் கூடாது. 1970 பிரேசிலின் ஏற்பாடும் இதுதான்: வலப்புற கார்லோஸ் ஆல்பர்ட்டோ மேலே போக, இடப்புற எவரால்டோ பின்னால் நின்றுகொண்டார். இறுதி ஆட்டத்தின் 86ஆவது நிமிடக் கோலை மறுபடி பாருங்கள். ஜயர்சின்யோ தன் வலப்பக்கத்தை விட்டு இடப்பக்கம் வந்துவிட்டார், அவரைக் காவல் காத்த ஃபச்செட்டியும் கூடவே வந்துவிட்டார். இத்தாலியின் அந்தப் பக்கம் முழுக்கக் காலி. பந்து பெலேயிடம் வந்ததும் அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் வலப்பக்கம் உருட்டிவிட்டார், கார்லோஸ் ஆல்பர்ட்டோ ஓடிவந்து அடித்தார். மெஸ்ஸி உள்ளே வரும்போதெல்லாம் காஃபுவுக்குத் திறக்கும் வழி அதேதான்.

நடுக்களத்தில் வலப்புறம் மாத்தேயஸ், இடப்புறம் இனியெஸ்டா. மாத்தேயஸ் 5 உலகக் கோப்பைகள், 25 ஆட்டங்கள் ஆடியவர், 1986 இறுதியில் மாரடோனாவையே காவல் காத்தவர். மெஸ்ஸி திரும்பி ஓட மாட்டார், காஃபு மேலே இருப்பார். அந்தப் பக்கத்து வேலை முழுவதும் மாத்தேயஸ் தலையில்தான் விழும். ஜிடானை அங்கே நிறுத்திப் பாருங்கள், வலப்பக்கம் திறந்த கதவாகிவிடும். இடப்புறம் சாவியை (Xavi) எடுக்காமல் இனியெஸ்டாவை ஏன் எடுத்தேன் என்றால், முன்னால் நிற்கும் க்ரைஃப் எல்லைக்கோட்டில் தங்குகிறவர் இல்லை, உள்ளே வருவார். அப்போது கோட்டுக்குப் போக யாராவது வேண்டும். 2012 ஐரோப்பியக் கோப்பையில் இனியெஸ்டா இடப்பக்க முன்வரிசையிலேயே ஆடி, தொடரின் சிறந்த வீரராகத் தேர்வானார்.

முன்னே மெஸ்ஸி, நடுவில் பெலே, இடப்புறம் க்ரைஃப். பந்து போனதும் நடக்க அனுமதி ஒருவருக்கு மட்டும் என்பது என் கணக்கு. அந்த ஒருவர் மெஸ்ஸி. 2022இல் அர்ஜென்டினா செய்ததும் அதுதான், அவருக்கும் சேர்த்து டி பால், மாக் அலிஸ்டர், என்ஸோ ஃபெர்னாண்டஸ் ஓடினார்கள். க்ரைஃப் அழுத்தம் கொடுத்து ஆடியே வளர்ந்தவர். 1974இல் நெதர்லாந்து இறுதிக்கு முந்தைய 6 ஆட்டங்களில் ஒரே ஒரு கோல்தான் விட்டது, அதுவும் சொந்த கோல். பெலேவுக்கு இரண்டு காலும் உண்டு, தலையும் உண்டு. 1970 இறுதியின் முதல் கோலே அவர் தலையால் முட்டியது. மாரடோனாவை ஏன் விட்டேன் என்று கேட்பார்கள். அவரும் மெஸ்ஸியும் இடக்கால்காரர்கள், பந்தைத் தேடி வரும் இடமும் ஒன்றே. இருவரையும் எடுத்தால் நடக்கும் ஆட்கள் இரண்டு, ஆடும் இடம் ஒன்று.

இப்போது பந்து மெஸ்ஸி காலில் பறிபோகிறது என்று வையுங்கள். காஃபு மேலே மாட்டிக்கொண்டார். மாத்தேயஸ் நேராகப் பின்னால் ஓடி காஃபுவின் இடத்தை அடைக்கிறார். ரைக்கார்ட் நடுவிலிருந்து பத்தடி வலப்புறம் நகர்கிறார். மால்டீனி உள்ளே ஒடுங்கி மூன்றாவது சென்டர்பேக் ஆகிறார். இனியெஸ்டா ரைக்கார்ட் விட்ட இடத்துக்கு வருகிறார். நெஸ்டா, பரேசி, மால்டீனி பின்னால், மாத்தேயஸ், ரைக்கார்ட், இனியெஸ்டா முன்னால்: ஆறு பேர். அதே 4-2-4இல் இந்த நொடியில் எண்ணினால் நான்கு தேறுவதே கஷ்டம்.

கோலில் நோயர். வரிசை முன்னே நிற்கிறது என்றால் பின்னால் பெரிய வெளி கிடக்கும். 2014 உலகக் கோப்பையில் அல்ஜீரியாவுக்கு எதிராக அவர் பாக்ஸுக்கு வெளியே வந்து வந்து அடைத்தது அந்த வெளியைத்தான். கோல்கீப்பர்களில் பாலன் டோர் (ஆண்டின் சிறந்த வீரர் விருது) வாங்கிய ஒரே ஆள் யாஷின், 1963இல். அவரும் கோட்டை விட்டு வெளியே வந்து ஆடியவர். ஆனால் அவர் ஆடியது பழைய விதியில், முழு ஆட்டப் பதிவுகளும் குறைவு. காலில் எப்படியிருப்பார் என்று உறுதியாகச் சொல்லத் துணியவில்லை.

இந்த அணியின் பலவீனம் இடப்பக்கம். மால்டீனி, இனியெஸ்டா, க்ரைஃப் மூவருமே இயல்பில் வலக்கால்காரர்கள். கோட்டுவரை போய் இடக்காலில் கிராஸ் போட ஆளில்லை. எதிரணி இதைக் கண்டுபிடித்து நடுப்பகுதியை நெருக்கினால் மூச்சு முட்டும். இடக்கால்காரரான ஹெந்தோவை விங்கராகப் போட்டு க்ரைஃபை நடுவுக்குக் கொண்டுவந்தால் தீரும். அப்போது பெலேவுக்கு இடமில்லை. அந்த மாற்று நன்றாக வருமா என்பதில் எனக்கு அவ்வளவு தெளிவில்லை.

நண்பர்கள் சுற்றுமுறையில் ஆளுக்கொருவராக எடுக்கும் ஆட்டமாக இருந்தால் வரிசையும் முக்கியம். முதல் சுற்றில் மெஸ்ஸியோ பெலேயோ, யார் கிடைக்கிறாரோ அவர். இரண்டாவதில் ரைக்கார்ட். மற்றவர்கள் சிரிக்கலாம், எடுத்துவிடுங்கள். மூன்றாவது மால்டீனி, நான்காவது காஃபு. பத்தாம் எண் சட்டைக்காரர்கள், அதாவது தாக்குதலை நடத்தும் கலைஞர்கள், தீரவே மாட்டார்கள்: பிளாட்டினி, ஜிகோ, புஷ்காஷ், பாஜியோ, ரொனால்டினியோ, காகா என ஏழாம் சுற்றிலும் ஒருவர் மிஞ்சியிருப்பார். ரைக்கார்ட் தரத்தில் ஆழத்தில் நிற்பவர்களை விரல்விட்டு எண்ணலாம், பின்வரிசையின் பக்கவாட்டில் ஆடும் ஃபுல்பேக்குகளும் அப்படித்தான்.

பெஞ்சில் ராபர்ட்டோ கார்லோஸுக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். கடைசி 20 நிமிடம் ஒரு கோல் பின்தங்கியிருந்தால் இனியெஸ்டாவை எடுத்துவிட்டு அவரை இடக்கோட்டில் இறக்கலாம். பிற்காலத்தில் சென்டர்பேக்காகவே ஆடிய மால்டீனி உள்ளே வருவார், நெஸ்டா, பரேசியோடு பின்னால் மூவர். காஃபுவும் கார்லோஸும் இரண்டு கோட்டிலும் மேலே, நடுவே ரைக்கார்டும் மாத்தேயஸும். 2002 பிரேசிலின் அமைப்பு ஒரே மாற்றத்தில் வந்துவிடும், இடக்கால் கிராஸும் கூடவே வரும். முன்னிலையில் இருந்தால் அதே இனியெஸ்டாவுக்குப் பதில் மக்கலேலே.