ஷாக்கிள்ஃபர்ட் பேங்க்ஸ்: குதிரைக்குத் தண்ணீர் இருக்கிறது, நமக்குத்தான் இல்லை

அமெரிக்காவின் வட கரோலினாவில் போஃபர்ட் ஊரிலிருந்து படகில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஷாக்கிள்ஃபர்ட் பேங்க்ஸ் வந்துவிடும். சுமார் 9 மைல் நீளம், கரைக்கு அரண் மாதிரி கடலுக்குள் கிடக்கிற ஒரு மணல் தீவு. கடை கிடையாது, குழாய் கிடையாது, குடை வாடகைக்குக் கிடைக்காது. எங்கள் படகு மணலில் மூக்கை முட்டி நின்றது, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினோம், அவ்வளவுதான் வரவேற்பு. கழிவறைக்கு ஊரிலேயே போய்விட்டு ஏறுங்கள்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். கடற்கரைதானே, இரண்டு மணி நேரம்தானே என்று ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர்தான் எடுத்துப் போனோம். அரை நாள் ஆகிவிட்டது, அதுவும் திரும்பி அழைத்துப்போக வர வேண்டிய படகு நாற்பது நிமிடம் தாமதம், ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கரையில் நிழல் என்று பெயருக்குக்கூட எதுவும் இல்லை. ஆளுக்கு மூன்று லிட்டராவது வேண்டும், தொப்பியும் கட்டாயம்.

இத்தனைக்கும் அங்கே நூறு குதிரைகளுக்கு மேல் தண்ணீர்ப் பஞ்சம் இல்லாமல் வாழ்கின்றன! பெய்த மழை மணலுக்கு அடியில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்தபடி தேங்கி நிற்கிறது, குதிரைகள் குளம்பால் பள்ளம் தோண்டி அதைக் குடிக்கின்றன. மணல்மேட்டுக்குப் பின்னால் அப்படி ஒரு பள்ளத்தைப் பார்த்தபோது, கையில் காலி பாட்டிலோடு நின்ற எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. யாருடைய குதிரையும் இல்லை, தலைமுறை தலைமுறையாகக் காட்டிலேயே பிறந்து வளர்பவை. இவற்றைக் காக்கவென்றே 1998-ல் தனிச் சட்டம் போட்டார்கள். 50 அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. ஒருவர் குழந்தையை அருகே நிறுத்திப் படம் எடுக்கப் பார்த்தார், குதிரை காதைப் பின்னால் மடக்கியதும் தானாகவே விலகிவிட்டார்.

மனிதர்களும் இருந்த தீவுதான் இது. கிழக்குப் பக்கம் டயமண்ட் சிட்டி என்று திமிங்கிலம் பிடிப்பவர்களின் ஊர் இருந்தது. 1899 புயலுக்குப் பிறகு அலுத்துப்போய், வீடுகளையே பிரித்துப் படகில் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய்விட்டார்கள். இப்போது இந்தத் தீவு தேசியப் பூங்காத் துறையின் கேப் லுக்அவுட் கடற்கரையில் ஒரு பகுதி, நுழைவுக் கட்டணம் இல்லை, படகுக்கு மட்டும்தான் காசு. பக்கத்துத் தீவுகளில் அதிகம் இல்லாத காடு இங்கே தப்பிப் பிழைத்திருப்பதற்குக் காரணம், தீவு கிழக்கு மேற்காகப் படுத்திருப்பதுதான் என்கிறார்கள், காற்று வாரிக்கொண்டு வரும் உப்பு கொஞ்சம் குறைவாகப் படுகிறதாம். அந்தக் காட்டுக்குள் கோடையில் போகாதீர்கள், கொசு தூக்கிக்கொண்டு போய்விடும். நாங்கள் போனது அக்டோபரில், அப்போதே கடி.

சாப்பாட்டு டப்பாவைக் காற்றுக்கு முதுகு காட்டித் திறக்கவும். நாங்கள் தயிர்சாதம் மணலோடு சாப்பிட்டோம்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை, குறைத்த அரை படகுக்காரருக்கு. சிப்பி பொறுக்குபவர்கள் என்றால் கடல்நீர் வற்றி இறங்கும் நேரம் பார்த்துப் போங்கள், உள்ளே உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள், இருந்தால் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். என் மனைவிக்கு முழுசாக ஒரு ஸ்காட்ச் பானட் கிடைத்தது, அந்த மாநிலத்தின் அடையாளச் சங்கே அதுதான். மூன்று மணி நேரம் குனிந்தே நடந்த எனக்கு அதே சங்கில் பாதி.