எப்காட்டின் காஸ்மிக் ரிவைண்ட்: விர்ச்சுவல் க்யூவோடு சில வருடப் பழக்கம்

நாங்கள் டாம்பாவில் இருப்பதால், ஊரிலிருந்து யார் வந்தாலும் ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்கு அழைத்துப் போவது எங்கள் வீட்டுப் பொறுப்பு. ஆனுவல் பாஸும் வைத்திருக்கிறோம். அங்கே எப்காட் பார்க்கில் காஸ்மிக் ரிவைண்ட் என்ற ரோலர் கோஸ்டர் 2022 மே 27 அன்று திறந்தது, 2025 பிப்ரவரியில் அதன் விர்ச்சுவல் க்யூவை, அதாவது ஆப்பில் எண் வாங்கிக்கொண்டு காத்திருக்கும் முறையை, எடுத்துவிட்டு எல்லா ரைடையும் போல நேரடி வரிசைக்கு மாற்றினார்கள். இந்த இடைப்பட்ட காலம் முழுக்க எங்கள் எப்காட் நாட்கள் அந்த ஒரு எண்ணைச் சுற்றித்தான் ஓடின. காலை ஏழு மணிக்கு போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார வைக்கிறார்களே என்று இந்த முறையைத் திட்டுபவர்கள் நிறைய. எனக்குப் பிடித்திருந்தது. இப்போது அது இல்லாதது, வயதானவர்களோடு போகும் நாட்களில் நன்றாகவே தெரிகிறது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எண்ணைப் பற்றி இனி எழுதுவதெல்லாம் அந்தக் காலத்து வழக்கம். அப்போது ரைடின் வாசலில் போய் நிற்கும் வரிசை கிடையாது. காலை 7 மணிக்கும் மதியம் 1 மணிக்கும் டிஸ்னியின் ஆப்பில் இடம் திறக்கும், நம் குழுவுக்கு ஒரு போர்டிங் க்ரூப் எண் வரும், அந்த எண்ணை அழைத்ததும் ஒரு மணி நேரத்துக்குள் ரைடுக்குப் போய்விட வேண்டும். காலை இடத்தைப் பிடிக்க பார்க்கில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை, வீட்டுக் கட்டிலில் இருந்தே போட்டுவிடலாம். மதியத்துக்கு மட்டும் பார்க்குக்குள் நுழைந்திருக்க வேண்டும். டிஸ்னியின் மற்ற பெரிய ரைடுகளான ரைஸ் ஆஃப் த ரெசிஸ்டன்ஸ் 2019இல் திறந்தபோதும், ரெமி 2021இலும், டிரான் 2023இலும், டியானா 2024இலும் இதே முறையில்தான் தொடங்கின. அப்புறம் கூட்டம் தணிந்ததும் ஒவ்வொன்றாக நேரடி வரிசைக்கு மாறின. அதனால் அடுத்து ஒரு பெரிய ரைடு திறக்கும்போது இது மறுபடி வர நல்ல வாய்ப்பு இருக்கிறது, அதற்காகவே இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

ஏழு மணி விஷயத்தில் எல்லோரும் விரல் வேகத்தைப் பற்றியே பேசுவார்கள். உண்மையில் பாதி வேலை முந்தின இரவே முடிந்திருக்க வேண்டும். வருகிற எல்லோருடைய டிக்கெட்டும் ஒரே கணக்கில் இணைந்திருக்கிறதா, ஆப்பில் குழுப் பட்டியலில் அத்தனை பெயரும் டிக் ஆகி இருக்கிறதா, பாஸ்வேர்டு கேட்டு நடுவில் வெளியே தள்ளிவிடுமா என்று பார்த்து வைத்துவிட வேண்டும். காலையில் ஆறே முக்காலுக்கே எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் மூன்று போன் இருக்கும், பக்கத்தில் லேப்டாப்பில் அமெரிக்க அரசாங்க இணையதளத்தின் கடிகாரம் நொடியோடு ஓடும். ஏனென்றால் போன் கடிகாரத்தில் நொடி தெரியாது, 6:59க்கும் 7:00க்கும் நடுவில் எங்கே இருக்கிறோம் என்பதுதான் முக்கியம். ஒரு போன் வைஃபையில், மற்ற இரண்டும் மொபைல் டேட்டாவில். ஏழு அடித்ததும் மூன்று பேரும் அழுத்துவோம். யாருக்கு முதலில் கிடைத்தாலும் அது குழு முழுவதற்கும் பதிவாகிவிடும், மற்றவர்கள் விட்டுவிடலாம். ஒரு முறை உறவினர் ஒருவர் தங்கியிருந்த ஓட்டல் வைஃபை சரியாக ஏழு மணிக்குச் சுற்றிக்கொண்டே நின்றது, திரை திறந்தபோது காலை இடம் முழுக்கத் தீர்ந்திருந்தது. அதிலிருந்து ஓட்டலில் தங்கும் யாரிடமும் வைஃபையை அணைத்துவிட்டுப் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன். கலிஃபோர்னியாவிலிருந்து கிளம்பி வருகிறவர்களுக்கு இன்னொன்று: ஃப்ளோரிடாவில் ஏழு என்றால் உங்கள் உடம்புக்கு விடியற்காலை நான்கு. வந்திறங்கிய மறுநாளே எப்காட்டை வைத்துக்கொள்ள வேண்டாம்.

எண் கிடைத்த பிறகுதான் திட்டமிடல் தொடங்கும், பலர் கோட்டை விட்டதும் இங்கேதான். ஆப் ஒரு உத்தேசக் காத்திருப்பு நேரம் காட்டும். அதை அப்படியே நம்பி நாளை அடுக்கக் கூடாது. இப்போது எந்த எண் வரை அழைத்திருக்கிறார்கள் என்பதையும் அதே இடத்தில் காட்டும் இல்லையா, அதைத்தான் நான் பார்ப்பேன். பத்து மணிக்கு 34 வரை அழைத்திருக்கிறார்கள், பதினொன்றுக்கு 50 என்றால் மணிக்குப் பதினாறு க்ரூப் நகர்கிறது. நம் எண் 98 என்றால் இன்னும் மூன்று மணி நேரம், அதாவது சுமார் இரண்டு மணி. ரைடு எதற்காவது நின்றால் அழைப்பும் நிற்கும், எனவே ஒவ்வொரு மணிக்கும் ஒரு முறை கணக்கைச் சரிபார்த்துக்கொள்வேன். இந்தச் சின்னக் கணக்கு கையில் இருந்தால் மனசு நிம்மதியாக இருக்கும், பிள்ளைகள் "எப்போ, எப்போ" என்று கேட்கும்போது பதிலும் இருக்கும்.

எப்காட்டின் அமைப்பு தெரிந்தால் மீதி சுலபம். ஸ்பேஸ்ஷிப் எர்த் உருண்டை இருக்கும் முன்பக்கத்தில்தான் காஸ்மிக் ரிவைண்டும் இருக்கிறது, நுழைந்ததும் இடது பக்கம் நடந்தால் வந்துவிடும். பின்பக்கம் ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் அரங்குகள், சுற்று முழுக்க நடந்தால் சுமார் 2 கிலோமீட்டர், அவை பெரும்பாலும் காலை 11 மணிக்குத்தான் திறக்கும். ஆக, சின்ன எண் கிடைத்தால் காலையில் முன்பக்கத்தை விட்டு நகராதீர்கள். சோரின், லிவிங் வித் த லேண்ட், மீன் காட்சியகம், ஸ்பேஸ்ஷிப் எர்த் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. மதியத்துக்கு மேல் வரும் எண் என்றால் பதினொன்றுக்கு மெக்ஸிகோ பக்கம் இருந்து நடக்கத் தொடங்கி, நார்வே, சீனா என்று மெதுவாகப் போகலாம். ஃபிரான்ஸ் அரங்கில் ரெமி ரைடில் இருக்கும்போது அழைப்பு வந்தால்? அங்கிருந்து காஸ்மிக் ரிவைண்டுக்கு நல்ல நடை, வயதானவர்கள் கூட இருந்தால் அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர அவகாசம் இருப்பதால் பதற வேண்டியதில்லை, ஆனால் அந்த நேரம் பார்த்து உணவகத்தில் ஆர்டர் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால்தான் சிக்கல்.

அத்தை, அதாவது என் மாமியார், மதுரையிலிருந்து வந்திருந்தபோதுதான் இந்த முறையின் அருமை எனக்கு முழுதாகப் புரிந்தது. அவருக்கு மூட்டு வலி, ரோலர் கோஸ்டரில் ஏறும் எண்ணமே இல்லை, ஆனால் பேரன் ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். எண் மதியத்துக்குத்தான் வரும் என்று தெரிந்ததும், அவரை லிவிங் வித் த லேண்ட் படகில் கூட்டிப்போனோம். உட்கார்ந்தபடியே போகும் படகு, கண்ணாடிக் கூரை போட்ட பசுமைக்குடில்களுக்குள் போகும். அங்கே வாழை, பப்பாளி, பலா எல்லாம் வளர்த்திருக்கிறார்கள். பலாவைப் பார்த்ததும் அத்தை படகிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "ஏங்க, இத இங்க எதுக்கு இப்படிக் கண்ணாடிக்குள்ள வச்சிருக்காங்க, நம்ம கொல்லையில கேக்காமலே காய்க்குமே" என்று என் கணவரின் அப்பாவிடம் அவர் கேட்க, முன் இருக்கையில் இருந்த அமெரிக்கப் பாட்டி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இறங்கி வந்து அங்கேயே இருக்கும் சன்ஷைன் சீசன்ஸ் உணவகத்தில் சாப்பிட்டு, நிழலில் உட்கார்ந்து, அழைப்பு வந்த பிறகு எழுந்து போனோம். அதே நேரத்தை ஒரு நேரடி வரிசையில் கழித்திருந்தால் அவர் எங்கேயோ ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பார். காத்திருப்பது அதே நேரம்தான், ஆனால் அந்த நேரம் குடும்பத்தின் கையில் இருந்தது.

இதில் முதல் முறை போகிறவர்கள் ஏமாந்த இடம் ஒன்று உண்டு. எண்ணை அழைத்துவிட்டார்கள் என்றால் நேரே போய் ஏறிவிடலாம் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. உள்ளே இன்னொரு வரிசை இருந்தது, எங்களுக்கு அது பல நாட்கள் அரை மணி நேரத்துக்கு மேல் எடுத்திருக்கிறது. உள்ளே குளிர்ச்சியாகவும் பார்க்க நிறையவும் இருக்கும் என்பது உண்மை. ஆனாலும் நுழைவதற்கு முன் பிள்ளைகளைப் பாத்ரூம் கூட்டிப்போய்விடுங்கள். உயரம் குறைந்தது 42 அங்குலம், அதாவது 107 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், டிரானுக்கு 48 அங்குலம். உயரம் போதாத குழந்தை இருந்தால் வாசலில் ரைடர் ஸ்விட்ச் என்று கேளுங்கள், அப்பா போய்விட்டு வந்ததும் அம்மா மறுபடி முழு வரிசையில் நிற்காமல் போகலாம். கையில் இருக்கும் பைகளுக்கு டிரானில் இலவச லாக்கர் உண்டு, காஸ்மிக் ரிவைண்டில் பையை இருக்கையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

சாப்பாடு பற்றியும் சொல்ல வேண்டும். இது பின்னோக்கிப் பாய்ந்து கிளம்பும் ரைடு, அதோடு ஓடும்போதே இருக்கை எல்லாப் பக்கமும் திரும்பிக்கொண்டே இருக்கும். ஆறு பாடல்களில் ஏதோ ஒன்று ஒலிக்கும், எது வரும் என்று முன்னாடி தெரியாது, அதனாலேயே மறுபடி மறுபடி ஏறத் தோன்றும். தலைகீழாகக் கவிழாது. ஆனால் தலைசுற்றும் உடம்புக்காரர்களுக்கு வயிற்றைப் புரட்டும், என் கணவருக்கு இறங்கியதும் அரை மணி நேரம் எதுவும் வேண்டாம். எனவே அழைப்பு வரும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுவோம், இல்லாவிட்டால் ரைடுக்குப் பிறகு. இஞ்சி மிட்டாய் பையில் எப்போதும் இருக்கும்.

மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஃப்ளோரிடாவில் மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு கொட்டும். பக்கத்தில் இருக்கும் டெஸ்ட் டிராக் வெளியே வந்து ஓடும் ரைடு, மின்னல் அடித்தால் நிறுத்திவிடுவார்கள். டிஸ்னியின் இன்னொரு பார்க்கான மேஜிக் கிங்டமில் டிரானும் அப்படித்தான். காஸ்மிக் ரிவைண்ட் முழுக்கக் கட்டடத்துக்குள் ஓடுவதால் மழைக்கு நிற்க வேண்டியதில்லை. அதனால் விர்ச்சுவல் க்யூ இருந்தபோது கோடையில் எனக்கு மூன்று, நான்கு மணிக்கு வரும் எண் கிடைத்தால்தான் சந்தோஷம், வெளியே கொட்டும் நேரத்தை உள்ளே கழித்துவிடலாம். ராத்திரிக்கு வரும் எண்தான் சங்கடம். ஏரியில் வாணவேடிக்கை நடக்கும் நேரமும் அழைப்பும் மோதும், இரண்டில் ஒன்றை விட வேண்டி வரும். ஊரிலிருந்து வந்தவர்கள் இருந்தால் நான் வாணவேடிக்கையைத்தான் விட மாட்டேன்.

இப்போது நேரடி வரிசை ஆன பிறகு எங்கள் வழக்கம் மாறிவிட்டது. பிள்ளைகளோடு மட்டும் போனால் பார்க் திறக்கும்போதே நேராக அங்கே, இல்லாவிட்டால் மூடுவதற்கு முந்தைய கடைசி ஒரு மணி நேரத்தில். நடுப்பகலில் வரிசைப் பலகையைப் பார்த்துவிட்டுக் கடந்து போய்விடுகிறோம். பெரியவர்கள் கூட வந்தால் காசு கொடுத்து லைட்னிங் லேன் சிங்கிள் பாஸ், அதாவது ஒரு ரைடுக்குச் சீக்கிரம் நகரும் தனி வரிசையில் போகும் அனுமதி, வாங்கிவிடுகிறேன். டிஸ்னி ஓட்டலில் தங்குகிறவர்கள் 7 நாள் முன்பும் மற்றவர்கள் 3 நாள் முன்பும் வாங்கலாம், விலை நாளுக்கு நாள் மாறும். நான்கு பேருக்கு வாங்கினால் கணிசமான தொகை, விர்ச்சுவல் க்யூ இருந்தபோது இதே வசதி இலவசமாகக் கிடைத்தது என்பதுதான் என் ஆதங்கம். வாங்குவதானால் நேரத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், பெரியவர்களுக்கு மதியச் சாப்பாடும் ஓய்வும் முடிகிற இரண்டரை மணி வாக்கில் போடுங்கள்.