ராத்திரிக் கால் குடைச்சல்: டோபமைன் மாத்திரையா, இரும்புச் சத்தா?

படுத்ததும் கெண்டைக்காலுக்குள் புழு ஊர்கிற மாதிரி ஒரு குடைச்சல். எழுந்து நடந்தால் தேவலை, படுத்தால் மறுபடி அதே கதை. டாக்டர்கள் இதை 'ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்' என்பார்கள். தைலமும் வெந்நீரும் அன்றைய ராத்திரிக்குத்தான்.

பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற, மூளையின் டோபமைன் ரசாயனத்தைப் போல வேலை செய்யும் மாத்திரைகள் சீக்கிரம் கேட்கும். சிக்கல் பின்னால் வருகிறது. வருடக்கணக்கில் போட்டால் பலருக்குக் குடைச்சல் சாயங்காலமே தொடங்கிவிடும், கைக்கும் பரவும். அளவைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். சிலருக்குச் சூதாட்டம், கண்மண் தெரியாத செலவு என்று புத்தியே தடுமாறும். ஒரு காலத்தில் முதல் மருந்தாக இருந்தவை, இன்று கபாபென்டின், பிரெகாபலின் என்ற நரம்பு வலி மருந்துகளுக்கு வழிவிட்டு ஒதுங்கியதற்குக் காரணம் இதுதான்.

இரும்பு மெதுவாகத்தான் வேலை செய்யும். பலன் தெரிய வாரங்கள், சிலருக்கு மாதங்கள். ஆனாலும் என் ஓட்டு இதற்கே, ஒரு நிபந்தனையோடு: முதலில் ஃபெரிட்டின், அதாவது உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இது குறைந்திருக்கலாம். ஆய்வுக்கூடச் சீட்டு 30-ஐ 'நார்மல்' என்று சொல்லும். இந்தத் தொல்லை உள்ளவருக்கு ஃபெரிட்டின் 75 வரை இருந்தாலும்கூட இரும்பு கொடுத்துப் பார்ப்பார்கள். நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள், இரும்பு கூடினாலும் கெடுதல். இரும்பு மாத்திரை போட்டால் மலச்சிக்கல் வரும், மலம் கறுக்கும். டீயோடு விழுங்கினால் பாதி வீண். எலுமிச்சைச் சாறு நல்லது.

இன்னொன்று, தூக்கம் வரவைக்கும் சில சளி மாத்திரைகளே குடைச்சலைக் கிளப்பும். மருந்துப் பெட்டியையும் ஒருமுறை பாருங்கள்.