குதிக்கால் நோவுக்கு ‘ஊசியும் பயிற்சியும்’ என்று முற்பணம் கேட்டால் கவனம்

மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு தனியார் சிகிச்சை நிலையம், குதிக்கால் நோவுக்கு ஊசியும் உடற்பயிற்சியும் சேர்ந்த ‘பெக்கேஜ்’ என்று கூறி என் அம்மாவிடம் முழுப் பணத்தையும் முற்கூட்டியே வாங்கிக்கொண்டு, ஊசியை மட்டும் போட்டு அனுப்பிவிட்டது. இந்த நோவோடு அலைகிறவர்கள் நம் பகுதியில் நிறையப் பேர் இருப்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

அம்மா களுவாஞ்சிக்குடியில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். விடியுமுன்னரே எழுந்து, சீமெந்துத் தரையில் வெறுங்காலுடன் மணிக்கணக்காக நிற்பார். படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் அடி ஆணி ஏறியதுபோல் குத்துவதும், சற்று நடந்ததும் தணிவதும், வேலை முடியும் நேரத்தில் மீண்டும் கூடுவதும், குதிக்கால் எலும்பிலிருந்து விரல்கள் வரை ஓடும் உள்ளங்கால் சவ்வு நலிவதால் வரும் நோவின் அடையாளங்கள்.

அந்தச் சிகிச்சை நிலையத்தில் எக்ஸ்ரேயில் தெரிந்த சிறு எலும்பு முள்ளைக் காட்டி, “அம்மா, இந்த முள்ளுதான் குத்துது, ஊசி போட்டா கரைஞ்சிடும்” என்றார்கள். அவர்கள் போட்டது வீக்கத்தையும் நோவையும் தணிக்கும் ஸ்டீரொய்ட் ஊசி; அது எலும்பைக் கரைப்பதில்லை. நோவே இல்லாத பலருடைய காலிலும் அப்படியான முள் இருக்கும். அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறதா என்று எவரும் கேட்கவில்லை. அவர் தாமாகக் கிளினிக் கொப்பியை நீட்டியபோதும் அதைத் திறந்து பார்க்கவில்லை. ஸ்டீரொய்ட் ஊசிக்குப் பின் சில நாட்களுக்கு இரத்தச் சீனி ஏறக்கூடும் என்பதைச் சொல்லியிருந்தால், அவர் தலைச்சுற்றோடு படுத்துக் கிடந்தபோது நாங்கள் அவ்வளவு பதறியிருக்க மாட்டோம்.

பயிற்சி என்று கிடைத்தது, ஆங்கிலத்தில் அச்சடித்த மங்கலான ஒரு போட்டோகொப்பித் தாள். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. செய்து காட்ட ஒருவரும் வரவில்லை. நோவு திரும்பியபோது இன்னோர் ஊசிக்கு வரச் சொன்னார்கள். பயிற்சிக்கான பணத்தையாவது திருப்பித் தாருங்கள் என்றதற்கு, பற்றுச்சீட்டில் ‘சிகிச்சை’ என்று மட்டுமே இருப்பதைக் காட்டி மறுத்துவிட்டார்கள்.

இதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. ஊசியையும் பயிற்சியையும் இணைப்பதில் பொய் இல்லை. ஊசி நோவைச் சில வாரங்களுக்குத் தணிக்கும். அந்த இடைவெளியில் காலைப் படிப்படியாகப் பலப்படுத்த வேண்டும் என்பதே அந்த முறையின் பொருள். பயிற்சியை விட்டுவிட்டு ஊசியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டால், சவ்வு கிழியவும் குதிக்காலுக்கு மெத்தையாக இருக்கும் கொழுப்பு தேயவும் வாய்ப்புண்டு. எல்லோருக்கும் ஊசி தேவை என்பதும் இல்லை. டென்மார்க்கில் 180 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், ஆலோசனையோடும் குதிக்கால் கிண்ணத்தோடும் (சப்பாத்துக்குள் குதிக்காலுக்கு அடியில் வைக்கும் தாங்கி) பயிற்சியையும் ஊசியையும் சேர்த்துக் கொடுத்தபோதும், ஆலோசனையும் கிண்ணமும் மட்டும் பெற்றவர்களைவிட மேலதிகப் பலன் கிடைக்கவில்லை.

பின்னர் அரச வைத்தியசாலையின் இயன்மருத்துவப் (பிசியோதெரபி) பிரிவில், பணம் எதுவும் வாங்காமல், அங்கு பணிபுரியும் ஒரு தங்கை அம்மாவைப் படிக்கட்டில் நிற்க வைத்துக் கற்றுக்கொடுத்தார். சுருட்டிய துவாய் கால்விரல்களுக்கு அடியில் இருக்க, குதிக்கால் படியின் விளிம்புக்கு வெளியே நிற்க, மூன்று எண்ணும்வரை உயர்ந்து, இரண்டு எண்ணும்வரை நின்று, மூன்று எண்ணி இறங்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். காலையில் அடியெடுத்து வைக்குமுன் விரல்களைக் கையால் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கவும், குசினியில் மெத்தென்ற செருப்புப் போடவும் சொன்னார். குணம் மெதுவாகத்தான் வரும், மாதங்கள் ஆகலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

தனியாரிடம் போகிறவர்கள், ஊசி மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். பயிற்சியை யார் கற்பிப்பார், அவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். பற்றுச்சீட்டில் ஊசிக்கும் பயிற்சிக்கும் தனித்தனியாகத் தொகை எழுதாவிட்டால் பணம் கொடுக்காதீர்கள். ஊசி போட்ட பிறகு உள்ளங்காலில் ஏதோ அறுந்ததுபோல் திடீர் நோவும் வீக்கமும் கன்றலும் கண்டால், அதே இடத்துக்குத் திரும்பிப் போகாமல் அன்றே அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.