அட்டையா, சாம் ஸ்பிளிண்டா: கை ஒடிந்தால் எதை வைத்துக் கட்டுவது?

சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு வேலையிடத்தில் முதலுதவிப் பெட்டி என் பொறுப்பு. 25 பேருக்கு மேல் வேலை பார்த்தால் முதலுதவியாளர் வேண்டும், 100 பேருக்கு ஒருவர் என்பது சிங்கப்பூர் விதி. அப்படி மாட்டியவன் நான். "சிம்பு காசு கொடுத்து வாங்கணுமா, அட்டை போதாதா?" என்று மேலாளர் கேட்டார். சிம்பு என்றால் ஒடிந்த எலும்பு ஆடாமல் வைத்துக் கட்டும் ஸ்பிளிண்ட். நியாயமான கேள்விதான்.

முதலில் அட்டை. டைல்ஸ் பெட்டியைக் கிழித்து இரு ஓரத்தையும் மேலே மடித்தால் தொட்டி மாதிரி ஆகும். உள்ளே துண்டை மெத்தையாக வைத்தால் முன்கை அதில் அழகாக உட்காரும். செலவே இல்லை. எதிரி வியர்வைதான். சாரத்திலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடிந்த தம்பி ஒருவருக்கு அட்டைதான் கட்டினேன். மழை விட்ட மதியம், நல்ல புழுக்கம். இருபது நிமிடத்தில் அட்டை நமத்த அப்பளமாகிவிட்டது. "அண்ணே, உள்ள ஆடுது" என்றார். மேலே இன்னொரு அட்டை வைத்துக் கட்டினேன். செய்தித்தாளும் இதே கதைதான். தமிழ் முரசு ஒன்றைச் சுருட்டினால் பத்தாது, நாலைந்து நாள் பேப்பர் வேண்டும்.

சாம் ஸ்பிளிண்ட் என்பது மெல்லிய அலுமினியத் தகடு, இருபுறமும் ஃபோம். சுருட்டிப் பையில் போடலாம். தட்டையாக இருக்கும்வரை துவளும். நீளவாக்கில் நடுவே குழித்தால் வாழைமட்டை மாதிரி விறைத்துவிடும். இந்தச் சூட்சுமம் தெரியாமல் தட்டையாகவே சுற்றிவிட்டு "இது சரியில்லை" என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அடிபடாத கையில் வைத்து வளைத்து அளவு பார்த்துவிட்டு, அப்புறம் ஒடிந்த கைக்கு மாற்ற வேண்டும். வியர்வை ஒன்றும் செய்யாது, கழற்றாமலே எக்ஸ்ரே எடுக்கலாம். கைக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

எதைக் கட்டினாலும் முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையக் கூடாது. வீங்குவதற்கு முன்பே மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள். கட்டி முடித்ததும் நகத்தை அழுத்தி விட்டுப் பாருங்கள். இரண்டு விநாடியில் சிவப்பு திரும்பாவிட்டால் இறுக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், தளர்த்துங்கள். கோணலாக இருக்கிறதே என்று இழுத்து நேராக்கப் பார்க்காதீர்கள். டீ வாங்கிக் கொடுக்காதீர்கள், அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் வயிறு காலியாக இருக்க வேண்டும்.

காலுக்கு வந்தால் இரண்டுமே தோற்கின்றன. பெரிய சாம் கூட மூன்றடிதான், ஆள் கால் முழுக்க வராது. முழங்காலுக்குக் கீழே ஒடிந்தால் நடுவில் போர்வையை மடித்து வைத்து, நல்ல காலோடு சேர்த்துக் கட்டுவதே மேல். முடிச்சு நல்ல கால் பக்கம். தொடை எலும்பு என்றால் நம் கைவேலை வேண்டாம். வெளியே சொட்டு ரத்தம் தெரியாமல் உள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் தேங்கலாம். அதற்கென்று இழுத்துப் பிடிக்கும் சிம்பு உண்டு, பயிற்சி பெற்றவர்கள்தான் போட வேண்டும். ஆளை அசைக்காமல் 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் வரவழையுங்கள்.

ரத்தம் கொட்டினால் சிம்பு பிறகு. அழுத்து, கட்டு, சொல் என்பதுதான் எஸ்ஜிசெக்யூர் (சிங்கப்பூர் அரசின் பயங்கரவாத எதிர்ப்பு விழிப்புணர்வு இயக்கம்) சொல்லித்தரும் வரிசை. அழுத்தியும் நிற்காவிட்டால் டூர்னிகே, அதாவது கை காலைச் சுற்றி இறுக்கி ரத்தத்தை நிறுத்தும் பட்டை. இடுப்பு பெல்ட்டை நம்பாதீர்கள், போதிய இறுக்கம் வராது. காயத்துக்கு மேலே நாலு விரல் தள்ளி, மூட்டின் மேல் படாமல் கட்டி, நேரத்தை எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரி வரை அவிழ்க்கக் கூடாது.

எதில் கூட்டிப்போவது? நடக்க முடிகிறது, விரலில் உணர்வும் நிறமும் சரி, தோல் கிழியவில்லை என்றால் டாக்சி போதும். அந்தத் தம்பியை இங் தெங் ஃபோங் மருத்துவமனைக்கு அப்படித்தான் கூட்டிப்போனேன். வழியெல்லாம் "ஊருக்குப் போய் புத்தூர்க் கட்டு போட்டுக்கிறேண்ணே" என்று ஒரே பிடிவாதம். முதலில் எக்ஸ்ரே என்றேன். எலும்பு வெளியே தெரிந்தாலோ, விரல் வெளுத்துச் சில்லிட்டாலோ, கால் ஊன்ற முடியாவிட்டாலோ 995. லாரியின் பின்பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு குலுக்கலிலும் ஒடிந்த எலும்பு சதையைக் குத்தும்.

மேலாளரிடம் நாலு சாம் கேட்டேன், இரண்டு வந்தது. டைல்ஸ் அட்டை அலமாரிக்குப் பின்னால் இன்னும் இருக்கிறது.